காய்ச்சல் காருக்கா, கம்பிக்கா?

காலை ஐந்து மணிக்குத் திருநெல்வேலியை விட்டுக் கிளம்பினோம். பின் ஸீட்டில் அம்மா. கண்ணில் புரை, மதுரையில் அறுவைச் சிகிச்சை. பத்து மணிக்குள் ஆஸ்பத்திரியில் ஆஜராகிவிட வேண்டும் என்பது டாக்டரின் கட்டளை. நேரம் தாராளமாக இருக்கிறது என்ற தைரியத்தில், கோவில்பட்டியில் ஒரு வாய் காப்பிக்காக வண்டியை நிறுத்தினேன். அங்கேதான் வந்தது வினை!

திரும்பி வந்து சாவியைத் திருகினேன். எஞ்சின் உறுமியது, இருமியது, பிடிக்கவில்லை. மூக்கைத் துளைத்தது பெட்ரோல் வாடை. நாலைந்து முறை முயன்று பார்த்தேன். பலன் பூஜ்யம்.

"ஏண்டா, நான் வேணும்னா பஸ்ஸிலே போயிடட்டுமா?" என்றாள் அம்மா, சாதுவாக. எனக்கு முகம் வியர்த்துவிட்டது.

தொடர்கதை படிக்கும் வாசகர்களுக்காக இங்கே கொஞ்சம் முன்கதைச் சுருக்கம். இரண்டு மாதங்களாகவே இந்தக் காருக்கு உடம்பு சரியில்லை. டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். சில நாள், பனி விழும் விடியற்காலையில்கூட ரேடியேட்டர் விசிறி 'ஹோ' என்று ஓடும். பெட்ரோல் செலவோ கேட்கவே வேண்டாம். ஒரு பட்டறையில் காட்டினேன். ஏதோ கருவியைச் செருகிப் பார்த்து, "பி 0118 என்று வருகிறது ஸார். கூலன்ட் சென்ஸார் போய்விட்டது" என்று சொல்லி, மாற்றிக் கொடுத்தார்கள். பத்து நாள் சுகம். மறுபடி விளக்கு. மறுபடி ஒரு புது சென்ஸார். மூன்றாம் முறை போனபோது, "கம்ப்யூட்டரே போயிருக்கும் ஸார், மாற்றிவிடலாம்" என்றார்கள். விலையைக் கேட்டேன். அம்மாவின் கண் சிகிச்சைச் செலவை விட அதிகம்! "பிறகு பார்க்கலாம்" என்று ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

காப்பிக் கடைக்காரர் என் திண்டாட்டத்தைப் பார்த்து, பின்னாலிருந்த தகரக் கொட்டகையிலிருந்து ஒரு பெரியவரை அழைத்து வந்தார். நாற்பது வருஷ மெக்கானிக்காம். என் கதையைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:

"ரெண்டு வாட்டி சென்ஸாரை மாத்தினாங்க, சரி தம்பி. அதுக்குப் போற கம்பியை யாராச்சும் பாத்தாங்களா?"

ஒருவரும் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை.

சூடு பார்க்கும் கடுகு

எஞ்சினுக்கும் நமக்குப் போலவே உடம்புச் சூடு என்று ஒன்று உண்டு. ஓடுகிற எஞ்சினில் சுற்றி வரும் கூலன்ட் தண்ணீர் ஏறக்குறைய 90 டிகிரியில் இருந்தால் ஆரோக்கியம். அதை அளந்து சொல்வதுதான் சென்ஸாரின் உத்தியோகம். அதன் மூக்குக்குள் தெர்மிஸ்டர் என்ற கடுகளவுப் பொருள் ஒன்று இருக்கிறது. சாதாரண உலோகக் கம்பியில் சூடு ஏறினால் மின்சாரத்துக்குத் தடை கூடும். இதிலோ நேர்மாறு, சூடு ஏற ஏறத் தடை குறையும். இந்த விசித்திர குணத்தை மைக்கேல் ஃபாரடே 1833-ஆம் ஆண்டிலேயே சில்வர் ஸல்ஃபைடில் கண்டு சொல்லியிருக்கிறார். பல கார்களின் சென்ஸாரில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம் தடை இருக்கும். 80 டிகிரியில் அது சுமார் 300 ஓமாக இறங்கிவிடும்.

எஞ்சினின் கம்ப்யூட்டர் ஒரு கம்பி வழியாக 5 வோல்ட்டை இந்தச் சென்ஸாருக்கு அனுப்புகிறது. இன்னொரு கம்பி வழியாக மின்சாரம் திரும்புகிறது. வோல்ட் அதிகமாக நின்றால் 'எஞ்சின் குளிர்ந்திருக்கிறது' என்று அர்த்தம். குறைந்து நின்றால் 'சூடாக இருக்கிறது'. கம்பி அடியோடு அறுந்து போனால் முழு 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கம்ப்யூட்டர் அதை மைனஸ் 40 டிகிரி என்று படித்துவிடும். நம் கோவில்பட்டியில் மைனஸ் 40! இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வோல்ட் பூஜ்யமாகி, 130 டிகிரிக்கும் மேலே என்று அலறும்.

பி 0118 என்றால் 'இந்தச் சுற்றில் வோல்ட் மிக அதிகம்' என்று பொருள். பி 0117 என்றால் மிகக் குறைவு. கவனியுங்கள்: 'சென்ஸார் கெட்டது' என்று அந்த எண் சொல்லவே இல்லை. சென்ஸார், பிளக், இரண்டு கம்பிகள், கம்ப்யூட்டர் ஆகிய எல்லாம் சேர்ந்த சுற்றில் எங்கேயோ கோளாறு என்றுதான் சொல்கிறது.

கம்பி முழுக்க அறுந்தாலாவது கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ளும். விளக்கைப் போட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று விசிறியையும் ஓடவிடும். அரைகுறையாக அறுந்திருந்தால்தான் ஆபத்து. கொதிக்கிற எஞ்சினை 'இருபது டிகிரி' என்று நம்பி, குளிருக்கு ஊற்றுவதுபோல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். பழைய அம்பாஸடர் காரில் சோக்கை இழுத்துவிட்டு, உள்ளே தள்ள மறந்தால் என்ன ஆகும்? அதே கதைதான். போதாததற்கு, சூடு ஏறினாலும் விசிறி சுழலாமல் நின்றுவிடக்கூடும். எஞ்சின் தலையே வளைந்து போக அது ஒன்று போதும்!

ஆறு நிமிஷச் சோதனை

பெரியவர் முதலில் கூலன்ட் டப்பாவில் அளவைப் பார்த்தார். தண்ணீர் குறைந்து, சென்ஸார் காற்றில் நின்றாலும் கணக்குத் தப்பாகுமாம். அளவு சரியாக இருந்தது. பிறகு தம் கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகினார். எஞ்சின் தொட முடியாத சூடு. கருவியில் 22 டிகிரி!

சென்ஸாரின் பிளக்கை உருவினார். மைனஸ் 40 காட்டியது. "இது சரி" என்றார். உருவிய சென்ஸாரில் மல்டிமீட்டரை வைத்தார், 250 ஓம். "சூட்டுக்குத் தக்கபடி இருக்கு. பாவம், சென்ஸார் நிரபராதி."

பிறகு பிளக்கின் இரண்டு துளைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தார். சுற்று ஒழுங்காக இருந்தால் கருவி 130-க்கு மேலே தாவ வேண்டும். தாவவில்லை, 25-லேயே நின்றது. பெரியவர் முகத்தில் புன்னகை. கம்பியின் ஒரு முனையை 5 வோல்ட் துளையில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சின் உடம்பில் தொட்டார். எண் 'விர்'ரென்று 130-ஐத் தாண்டியது!

"அனுப்புற கம்பி நல்லாயிருக்கு; கம்ப்யூட்டரும் நல்லாயிருக்கு. திரும்புற கம்பியிலேதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொன்னார். ஆறு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தக் கம்பியைத் தடவிக்கொண்டே போனார். பாட்டரித் தட்டுக்கு அடியில் குற்றவாளியின் தடயம் கிடைத்தது: எலிப் பல்! உறை கடிபட்டு, செம்பு இழைகள் பச்சை பூத்து, இரண்டே இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. புதுச் சென்ஸார் மாட்டிய போதெல்லாம் கம்பி அசைந்து, இழைகள் சற்று ஒட்டிக்கொண்டன. அதுதான் அந்தப் பத்து நாள் சுகத்தின் ரகசியம்.

பச்சை பூத்ததை வெட்டியெறிந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, உறை போட்டார். "ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதிச்சுக்கிட்டு சாவியைத் திருகுங்க. தேங்கின பெட்ரோல் போகட்டும்." எஞ்சின் பிடித்துக்கொண்டது. கூலி கேட்டேன். முந்நூறு ரூபாய்!

நீங்களும் பார்க்கலாம்

ஃபோனோடு சேர்ந்து வேலை செய்யும் சிறு கருவிகள் இப்போது குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. ராத்திரி முழுக்க நின்ற காரில், காலையில் எஞ்சினைக் கிளப்புமுன் கூலன்ட் சூட்டையும், உள்ளே வரும் காற்றின் சூட்டையும் பாருங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். அதிக வித்தியாசம் இருந்தால் சந்தேகப்படுங்கள். எஞ்சின் ஓடும்போது கம்பியை மெல்ல அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் குற்றவாளி அங்கே இருக்கிறான்.

சில எச்சரிக்கைகள்: சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கம்பியால் இணைக்கும் சோதனை இரண்டு கம்பிச் சென்ஸாருக்கு மட்டும்தான். அதையும் காரின் புத்தகத்தைப் பார்த்து, விஷயம் தெரிந்தவரை வைத்துக்கொண்டே செய்ய வேண்டும். பல்பு வைத்த டெஸ்ட் லாம்பைக் கம்ப்யூட்டர் கம்பியில் வைக்காதீர்கள், மல்டிமீட்டரே உத்தமம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, "பாகத்தை மாற்றலாம் ஸார்" என்று யாராவது சொன்னால், "கம்பியைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை!

ஒன்பதரைக்கெல்லாம் மதுரை போய்ச் சேர்ந்துவிட்டோம். மறுநாள் கட்டு அவிழ்த்தார்கள். திரும்பும்போது அம்மா முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டு, டாஷ்போர்டைக் கூர்ந்து பார்த்தாள்.

"மஞ்ச விளக்கு மஞ்ச விளக்குன்னு புலம்பினியேடா! என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையே?" என்றாள்.

"கண் நன்றாகத் தெரிகிறது, அம்மா!" என்றேன்.