சபராளியும் காதர்பேட்டையும்
(அயல்மண்ணில் சிறுவணிகத்தின் ஏற்றமும் இறக்கமும்)

முன்னுரை

கடல் கடந்து பொருளீட்டல் தமிழர்க்குப் புதிதன்று. தமிழ் முஸ்லிம்கள் பலர்க்கோ அது தலைமுறை தலைமுறையாக வந்த வாழ்க்கை முறை. அயல்நாடு செல்வதை அவர்கள் ‘சபர்’ என்பர். சென்று வணிகம் செய்து மீள்பவரைச் ‘சபராளி’ என்பர். சபர் என்னும் அரபுச் சொல்லுக்குப் பயணம் என்பது பொருள். ஆனால் நம் வீடுகளில் அச்சொல் பயணத்தை மட்டும் குறித்ததில்லை. பிரிவையும் காத்திருப்பையும் கடிதத்தையும் கடனையும் சேர்த்தே குறித்தது.

பெருவணிகரைப் பற்றி எழுதப்பட்டவை பல. ஓர் அலமாரியும் ஒரு பணப்பெட்டியும் கொண்டு அயல்மண்ணில் கடை விரித்த சிறுவணிகரைப் பற்றி எழுதப்பட்டவை சில. அவர்கள் எவற்றால் உயர்ந்தனர், எவற்றால் தாழ்ந்தனர் என்பதை விளக்குவதும், அதே வாழ்வை இன்று திருப்பூரில் வாழ்ந்துவரும் அயல்நாட்டு வணிகரை அவ்வறிவோடு நோக்குவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருப்பூரின் கடன்

திருப்பூர் வெளியாரால் வளர்ந்த ஊர் என்றால் அது மிகையன்று. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் இங்குத் தொடங்கிய ‘பேபி நிட்டிங்’ நிறுவனமே இவ்வூரின் முதல் பனியன் தொழிற்கூடம் எனக் கூறப்படுகிறது. பின்னலாடைக் கலையில் அந்நாளில் முந்தி நின்றது கல்கத்தா. அங்கிருந்து வந்த தொழில் நுட்பம் நொய்யல் கரையில் வேரூன்றியது. அரை நூற்றாண்டு காலம் உள்நாட்டுச் சந்தைக்கே பனியன் தந்த திருப்பூருக்கு ஏற்றுமதியின் வாயில் திறந்தது 1970களின் இறுதியில். 1978இல் வெரோனா என்னும் இத்தாலிய வணிகர் பம்பாய் வணிகர் வாயிலாக இவ்வூரை அறிந்து வந்ததை ஏற்றுமதியாளர்கள் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்வர். இன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரின் வரலாற்றில், அறிமுகமற்ற ஓர் அயலாரின் வருகை ஒரு திருப்பமாக அமைந்தது எண்ணத்தக்கது.

சபர் சென்ற முன்னோர்

1786இல் ஆங்கிலேயர் பினாங்கில் துறைமுகம் அமைத்தபோதே சோழமண்டலக் கரை முஸ்லிம்கள் அங்கு வணிகராகக் குடியேறினர். அவர்களைச் ‘சூலியா’ என்றழைத்தனர். பினாங்கின் சூலியா தெருவும், 1801இல் நிறுவப்பெற்ற கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், 1826இல் சிங்கப்பூரில் தோன்றிய சூலியா பள்ளிவாசலும் இதற்குச் சான்றுகள். பின்னர் கடையநல்லூர், தென்காசி, இராமநாதபுரம், தஞ்சைப் பகுதிகளிலிருந்து எளிய மக்கள் அலையலையாகச் சென்றனர். பர்மாவிலோ 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியர் பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தனர். ரங்கூன் நகர மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே.

இவர்களது கடை எத்தகையது? பெரும்பாலும் ‘ஒட்டுக்கடை’. பெரிய கடை ஒன்றின் சுவரோரத்தில், ஐந்தடி நடைபாதையில், பலகை அடித்து வைத்த கடை. வெற்றிலை, சுருட்டு, செய்தித்தாள், சில்லறைப் பொருள்கள் அங்கு விற்கப்பட்டன. சிலர் பணமாற்றுக் கடை வைத்தனர். சிலர் தோளில் காவடி சுமந்து சோறும் குழம்பும் விற்றனர். அதுவே இன்று மலேசியாவெங்கும் புகழ்பெற்ற ‘நாசி கண்டார்’. காவடித் தண்டைக் குறிக்கும் சொல்லே அப்பெயரில் நின்றது. ‘மாமா’ என்னும் நம் உறவுச்சொல் அங்கு ‘மாமாக்’ என்றாகி உணவுக்கடைக்கே பெயராயிற்று.

உயர்வுக்கு உதவியவை

முதலாவது, கடைக்குள் நடந்த பயிற்சி. உறவுக்காரச் சிறுவன் ஒருவன் கடைப்பையனாகச் சேர்வான். உண்டி, உறைவிடம் கடையிலேயே. சில ஆண்டுகளில் கணக்கும் வாடிக்கையும் சரக்கும் அறிவான். பின்னர் முதலாளியே முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தருவதும் உண்டு. இதில் உழைப்புச் சுரண்டலும் இருந்தது, மறுப்பதற்கில்லை. எனினும் வங்கி கைவிட்ட ஏழைக்கு முதல் திரட்டித் தந்த வழி அது.

இரண்டாவது, நம்பிக்கை. அடியேனின் பாட்டனார் 1930களின் இறுதியில் பினாங்கில் ஒட்டுக்கடை வைத்தவர். முதலாண்டில் அவருக்குச் சரக்கைக் கடனாகக் கொடுத்தவர் ஒரு சீன மொத்த வணிகர். மொழி தெரியாது, சாட்சி கிடையாது, சுருட்டுப் பெட்டியின் மூடியில் எழுதிய கணக்கே பத்திரம். “அவன் என் முகத்தைப் பார்த்துக் கொடுத்தான்” என்று பாட்டனார் இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்ததாக என் தந்தையார் கூறுவார்.

மூன்றாவது, சிறிதாகத் தொடங்கிப் பொறுத்து வளர்தல். 1957இல் மலேசியாவின் கோத்தா பாருவில் சிறு கடையாகத் தொடங்கிய ‘மைதீன்’ நிறுவனம் இன்று அந்நாட்டின் பேரங்காடிகளுள் ஒன்றாகத் திகழ்வது இதற்கு எடுத்துக்காட்டு. ஆயினும் ஒரு மைதீன் வளர்ந்த மண்ணில் பெயரின்றி மறைந்த கடைகள் எண்ணிலடங்கா.

வீழ்ச்சிக்குக் காரணமானவை

ஒன்று, பணம். சிறுவணிகரின் செல்வம் பெரும்பாலும் கையிலுள்ள நோட்டும் கடையிலுள்ள சரக்குமே. மலாயாவை ஜப்பானியர் ஆண்டபோது வெளியிட்ட வாழைமரப் படமிட்ட நோட்டுகள் 1945இல் ஒரே நாளில் வெறுந்தாளாயின. எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில் அந்நோட்டுக் கட்டு ஒன்று நெடுங்காலம் கிடந்தது. சிறுவர்களாகிய நாங்கள் அதை வைத்துக் கடை விளையாடுவோம். பாட்டியார் பார்த்து முகம் திருப்பிக்கொள்வார். அது மூன்றாண்டு உழைப்பு என்பது எங்களுக்கு அன்று தெரியாது.

இரண்டு, ஆட்சி மாற்றம். 1964 மார்ச்சில் பர்மிய இராணுவ அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியது. மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாவென அறிவித்தது. கடையும் போயிற்று, காசும் போயிற்று. இலட்சக்கணக்கானோர் வெறுங்கையோடு தாயகம் திரும்பினர். அவர்கள் நடைபாதையில் விரித்த கடைகளே சென்னையின் பர்மா பஜார். மலேசியாவில் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், குடியுரிமை பெறாதோர் அனுமதிச் சீட்டுக்கு அலைந்தனர், பலர் கப்பலேறினர். என் பாட்டனாரும் அவர்களுள் ஒருவர். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021க்கு முன்னர்ப் பொதுவாக நிறுவனத்தின் 51 விழுக்காட்டுப் பங்கு அந்நாட்டார் பெயரிலேயே இருத்தல் வேண்டும். உழைப்பு ஒருவருடையது, உரிமை மற்றொருவருடையது என்னும் நிலையில் ஏமாற்றத்துக்கு இடமிருந்தது வியப்பன்று.

மூன்று, மண்ணின் மக்களது மனம். இதனை நாம் நேர்மையோடு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ்ப்பர்மாவின் நெல்வயல்களில் ஏறத்தாழக் கால்பங்கு, கடனுக்கு ஈடாகச் செட்டியார்களின் கைக்குச் சென்றது. நிலமிழந்த உழவனின் துயரம் பொய்யன்று. ஆனால் 1938ஆம் ஆண்டுக் கலவரத்தில் அத்துயரத்தின் விலையைக் கொடுத்தோர், கடன் கொடுத்தவரல்லர். தெருவோரத்தில் கடை வைத்திருந்த ஏழை இந்திய முஸ்லிம்களே பெரிதும் தாக்கப்பட்டனர். அயலார்மீது எழும் சினம் குற்றவாளியைத் தேடிச் செல்வதில்லை, கைக்கெட்டியவரையே அடிக்கும்.

காதர்பேட்டையின் சபராளிகள்

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருப்பூர்த் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகிலுள்ள காதர்பேட்டை, ஏற்றுமதியில் மிஞ்சிய ஆடைகளும் ‘செகண்ட்ஸ்’ எனப்படும் இரண்டாந்தரச் சரக்கும் கைமாறும் சந்தை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள் முதல் நைஜீரிய வணிகர் இங்கு வரலாயினர். லாட் கணக்கில் பனியன் வாங்கி, தரம் பிரித்து, மூட்டை கட்டி லாகோஸ் நகரச் சந்தைகளுக்கு அனுப்புவது அவர்தம் தொழில்.

நைஜீரிய வணிகருள் பெயர்பெற்றோர் இபோ இனத்தார். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சிறுவன் ஒருவன் முதலாளியிடம் சில ஆண்டுகள் ஊதியமின்றிப் பணிபுரிவான். காலம் முடிந்ததும் முதலாளி அவனுக்கு முதல் தந்து கடை வைத்துக் கொடுப்பார். நம் கடைப்பையன் மரபே அது! 1970இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது, வங்கியில் எவ்வளவு இட்டிருந்தாலும் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டது இருபது பவுண்டு மட்டுமே. அந்த இருபதிலிருந்து எழுந்தவர்கள் அவர்கள். வாழைமர நோட்டைப் பெட்டியில் வைத்திருந்த வீட்டாருக்கு இக்கதை அயற்கதையன்று.

இன்னல்களும் ஒத்தனவே. 2023 ஜூனில் நைஜீரிய அரசு தன் நாணயத்தைச் சந்தைப்போக்கில் விட்டது. அதற்கு முன் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 460 நைராவாக இருந்த மதிப்பு, அடுத்த ஆண்டு 1,500ஐத் தாண்டியது. பத்து மூட்டை வாங்கிய முதலில் மூன்று மூட்டையே வாங்கலாம் என்னும் நிலை. காதர்பேட்டைக் கடைக்காரருக்கும் இதனால் விற்பனை குன்றியது. அயல்வணிகரின் இறக்கம் உள்ளூராரின் இறக்கமுமாகும்.

சட்டமும் எளிதன்று. இந்தியாவின் வணிக விசாவில் பொருள் கொள்முதல் செய்யலாம். வட்டித்தொழிலும் சில்லறைச் சிறுவணிகமும் கூடா. எண்ணிப் பார்த்தால் நம்மவர் பர்மாவிலும் மலாயாவிலும் செய்த தொழில்கள் பெரும்பாலும் இவ்விரண்டே! வீட்டுக்காரர் தம்மிடம் தங்கும் அயல்நாட்டார் பற்றி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவித்தலும் வேண்டும். இதற்கஞ்சியே பலர் வீடு தர மறுப்பர். தருவோர் வாடகையை உயர்த்துவர்.

உள்ளூர் வணிகரின் குறையையும் கேட்டல் வேண்டும். அயலார் தாமே கடை வைத்து நேரடியாக ஏற்றுமதி செய்தால் இடைத்தரகும் உள்ளூர்ச் சிறு ஏற்றுமதியாளரும் வருவாய் இழப்பர். விசாக் காலம் முடிந்தும் தங்குவோர் உண்டு. கடனைத் தீர்க்காது சென்றோரும் உண்டு. இவை பற்றிய முறையீடுகள் நியாயமானவை. சட்டத்தை மீறியவர்மீது சட்டம் பாய்க. ஆனால் ஒருவர் செய்த பிழைக்காக ஒரு நிறத்தார் அனைவர்க்கும் கதவடைப்பது நீதியாகாது. தேநீர்க்கடையில் அவர்களைப் பெயர்சொல்லி அழையாமல் நிறம் சொல்லி அழைப்பதை நான் கேட்டிருக்கிறேன். பினாங்கில் என் பாட்டனாரை ‘கெலிங்’ என்று அழைத்தபோது அவர் உள்ளம் எவ்வாறு சுருங்கியதோ, அவ்வாறே இவர்கள் உள்ளமும் சுருங்கும்.

செய்யத்தக்கன

அயல்மண்ணுக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள் மூன்றை மனத்திற்கொள்ள வேண்டும். ஈட்டியதை ஒரே நாணயத்தில், ஒரே இடத்தில் குவிக்கலாகாது. பங்கு, உரிமம், குத்தகை ஆகியவற்றை வாய்ச்சொல்லில் விடாது எழுத்தில் பெற வேண்டும். அந்நாட்டு மொழியைக் கற்று அம்மக்களுக்கும் பயன்பட வாழ வேண்டும்.

இங்குள்ள பெரியோர்க்கும் வணிகர்க்கும் ஒரு வேண்டுகோள். வாடகை, கடன், தரம் ஆகியவற்றை எழுத்தில் வரையறுத்தால் இருபுறத்து ஐயமும் குறையும். பதிவுப் படிவம் நிரப்புதல் நம் மாணவர்களால் எளிதில் செய்து தரக்கூடிய உதவி. வழிப்போக்கருக்கு ஜகாத்தில் பங்கு வகுத்த சமயத்தைச் சார்ந்தோர் நாம். பயணியின் உரிமை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதன்று.

முடிவுரை

சிறுவணிகரின் ஏற்றம் உழைப்பால் வருவது. இறக்கமோ பெரும்பாலும் அவர் கையில் இல்லாதவற்றால் வருவது. நாணயமும் ஆட்சியும் மாறும்போது அவரைத் தாங்குவது அம்மண்ணில் அவர் பெற்ற நம்பிக்கை ஒன்றே. பெயர்கூடத் தெரியாத அச்சீன வணிகர் அன்று முகம் பார்த்துச் சரக்குக் கொடுத்திராவிடில், இக்கட்டுரையாளன் கல்லூரி வாயிலை மிதித்திருக்க வாய்ப்பில்லை. அவர்க்குரிய கடனை அவரிடம் திருப்பித் தருதல் இனி இயலாது. காதர்பேட்டையில் தரலாம்.