ஓராறு, ஈரரசு

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றுக்குக் கினி நாட்டின் ஃபூட்டா ஜாலோன் மேட்டு நிலமே தாயகம். அங்கிருந்து இறங்கும் பாஃபிங் ஆறு, மாலி நாட்டில் பாக்கோய் ஆற்றோடு கலக்கும் ஊர் பாஃபுலாபே எனப்படும். 'ஆறுகள் இரண்டு கூடுமிடம்' என்பது அப்பெயரின் பொருள். நாமானால் 'கூடல்' என ஒரு சொல்லில் முடித்திருப்போம். பாக்கெல் நகருக்குச் சற்று மேலே ஃபலேமே ஆறும் வந்து சேர, அவ்விடந்தொட்டுக் கடலை நெருங்கும்வரை இவ்வாறே எல்லை. வடகரை மௌரித்தானியா, தென்கரை செனகல்.

சகாராவின் விளிம்பாகிய இப்பகுதியில் மழை அரிது. எனினும் தொலைவிலுள்ள கினி மலைகளில் பெய்த மழை இங்கு வெள்ளமாக வந்து கரைபுரளும். வெள்ளம் மூடும் களிமண் படுகையை 'வாலோ' என்றும், வெள்ளம் எட்டாத மேட்டை 'ஜேரி' என்றும் மக்கள் வழங்குவர். மழைக்காலத்தில் ஜேரியில் கம்பு விதைப்பர். வெள்ளம் வடிந்தபின் வாலோவின் ஈரத்தை மட்டுமே நம்பிச் சோளம் விதைப்பர். அறுவடை முடிந்த தாளை மேய மாடுகள் வரும்; அவற்றின் சாணமே எரு. இவ்வேற்பாட்டில் எல்லைக்கோட்டுக்கு இடமில்லை. ஒரு கரையில் வீடும் மறுகரையில் வயலும் உடைய குடும்பங்கள் பல. 1776இல் சுலைமான் பால் முதலிய மார்க்க அறிஞர்கள் தொடங்கிய ஃபூட்டா டோரோ இமாமத்தும் இருகரைகளையும் தழுவியதே. 1960இல் இரு நாடுகளும் விடுதலை பெற்றபோது ஆறு பன்னாட்டு எல்லையாயிற்று.

வறட்சி வாட்டிய காலத்தில், 1972இல், மாலி, மௌரித்தானியா, செனகல் மூன்றும் ஆற்று வளர்ச்சிக்கெனக் கூட்டமைப்பு ஒன்றை அமைத்தன. கோடையில் 200 கிலோமீட்டருக்கும் மேல் உட்புகுந்த உப்புநீரை 1986இல் டியாமா அணை தடுத்தது. 1988இல் மாலியில் மனந்தாலி அணை எழுந்தது. நெல் விளைந்தது, உண்மை. ஆயின் இயற்கை வெள்ளம் குன்றி வாலோ சுருங்கிற்று. தேங்கிய நன்னீரில் நத்தைகள் பெருகி நோய் பரப்பின. பாசனம் வருமென்றதும் கரைநிலத்தின் மதிப்பு ஏறிற்று. அதன்பின் நேர்ந்ததற்கு இந்நிலவேட்கையும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம்.

1989 ஏப்ரலில் டியாவரா ஊரருகே மேய்ப்பருக்கும் உழவருக்கும் மூண்ட பூசலில் இருவர் மாண்டனர். தீ இரு தலைநகரங்களுக்கும் பரவிற்று. இருபுறமும் கலிமாச் சொன்னவர்களே. அது ரமலான் மாதம் என்பதை எழுதவும் நமக்குக் கை கூசுகிறது. மௌரித்தானியாவின் கறுப்பின மக்களுள் பல்லாயிரவர் உடைமையிழந்து தென்கரைக்குத் துரத்தப்பட்டனர். 2008 முதல் 2012 வரை ஏறத்தாழ 24,000 பேர் ஐ.நா. உதவியுடன் வடகரைக்கு மீண்டனர். அவருட் பலர் தம் வயல்களில் வேறொருவர் பயிரிட்டிருக்கக் கண்டனர்.