ஒற்றைத் தலைவலி: வீட்டில் செய்யக்கூடியதும் வைத்தியசாலைக்குப் போகவேண்டியதும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் மழைக்கும் மண்சரிவுக்கும் பயந்து லயங்களை விட்டுப் போன குடும்பங்கள் திரும்பி வருகின்றன. திரும்பியதும் சேறு அள்ளவேண்டும், சாமான்களைக் காயப்போடவேண்டும், மறுபடி வேலைக்கும் போகவேண்டும். சாப்பாடும் தூக்கமும் நேரம் தவறுகின்றன. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த நாட்களில் அது அடிக்கடி வரலாம். மலையில் கொழுந்து எடுக்கும்போது வந்துவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான்.

எப்படி அறிவது?

பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண்விண்ணென்று தெறிக்கும். குமட்டல் அல்லது வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் பொறுக்காது. வலி 4 மணித்தியாலம் முதல் 3 நாள் வரை நீடிக்கலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்; மாதவிடாய் நாட்களில் கூடும்.

எதனால் கிளம்புகிறது?

ஆயுர்வேதம் இதை அர்த்தாவபேதகம் என்கிறது. அதிக உழைப்பு, பனி, உலர்ந்த உணவு, சிறுநீர் முதலியவற்றை அடக்குதல் ஆகியவற்றைச் சரக சம்ஹிதை இதற்குக் காரணங்களாகச் சொல்கிறது. பட்டினி, தண்ணீர்க் குறைவு, தூக்கக் கேடு, மனக்கவலை, கடும் வெயில், புகை ஆகியவை வலியைக் கிளப்பும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

மலையில் மலசலகூடம் இல்லாததால் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தலைவலிக்கு இதுவே காரணமாகலாம். போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் அடிக்கடி குடியுங்கள். மலசலகூட வசதி கேட்பது உங்கள் உரிமை. தோட்ட நிர்வாகத்திடம் சேர்ந்து கேளுங்கள்.

அன்றாடம் செய்யவேண்டியவை

• வெறும் பிளேன்டீயோடு வேலைக்குப் போகவேண்டாம். ஒரு ரொட்டியாவது சாப்பிடுங்கள்.
• பிளேன்டீயை ஒரேயடியாகக் கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.
• ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழும்புங்கள்.
• அடுப்புப் புகை வெளியேற யன்னலைத் திறந்து வையுங்கள்.
• வலி வந்த நாள், அதற்கு முன் சாப்பிட்டது, தூங்கியது ஆகியவற்றைக் கொப்பியில் குறியுங்கள். உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு மாதத்தில் தெரியவரும்.

வலி வந்தவுடன்

வெளிச்சம் குறைந்த இடத்தில் படுங்கள். நெற்றியில் ஈரத்துணி போடுங்கள். இஞ்சி தட்டிப்போட்டுக் கொதிக்கவைத்த நீர் குமட்டலைத் தணிக்கும். கொத்தமல்லித் தண்ணீரும் குடிக்கலாம். சுக்குப் பற்றுப் போட்டு எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள். கண்ணருகிலும் பிள்ளைகளுக்கும் போடவேண்டாம்.

மூக்கில் எண்ணெய் விடும் நசியத்தை நீங்களாகவே செய்யவேண்டாம். ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவுசெய்த வைத்தியரிடமே போங்கள். பல பிரதேச சபைகள் இலவச ஆயுர்வேத மருந்தகங்களை நடத்துகின்றன. சில மருந்துகளில் பாதரசம், ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கலாம். ஆகவே பெயர் தெரியாத தூளையும் குளிகையையும் வாங்கவேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்காமல் எந்த மருந்தும் எடுக்கவேண்டாம்.

பெரசிட்டமோல் எடுப்பதானால் வலி தொடங்கியவுடனேயே எடுங்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. 24 மணித்தியாலத்தில் 8க்கு மேல் கூடாது. ஈரல் நோய் உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்கவேண்டும். மாதத்தில் பாதி நாட்கள் வலிக்குளிசை போட்டால் அந்தக் குளிசையே தலைவலியைக் கொண்டுவரும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தேவைப்பட்டால் வைத்தியரைக் காணுங்கள்.

இவை ஒற்றைத் தலைவலி அல்ல, தாமதிக்க வேண்டாம்

• திடீரென்று, இதற்குமுன் வராத அளவு கடுமையாக வரும் வலி
• கை கால் விறைப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், வலிப்பு, மயக்கம்
• காய்ச்சலோடு வரும் தலைவலி. கழுத்து விறைத்தால் மிக ஆபத்து. டெங்கு, எலிக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அஸ்பிரின், இபுபுரூபன் போடவேண்டாம்
• தலையில் அடிபட்டபின் வரும் வலி
• கர்ப்பிணிக்குக் கடும் தலைவலியும் கண் மங்கலும்
• 50 வயதுக்குப் பின் முதன்முதலாகத் தொடங்கும் வலி

இவற்றில் ஒன்று இருந்தாலும் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவேண்டாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பாதை உடைந்திருந்தால் எந்த இடம்வரை வாகனம் வரமுடியும் என்பதை அழைக்கும்போதே சொல்லுங்கள்.