எழுந்து வாங்க, கும்மி கொட்டலாம்!

கல்யாண வரவேற்புக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? நாற்காலியில் உட்காருகிறோம். மேடை வரிசை நகர்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். மொய்க் கவரைக் கொடுத்து, போட்டோவுக்குச் சிரித்து, பந்தியில் இடம் பிடித்து, தாம்பூலப் பையோடு வீடு திரும்புகிறோம். பக்கத்து நாற்காலியில் இரண்டு மணி நேரம் இருந்த அம்மாள் பெண் வீடா, பிள்ளை வீடா என்பதுகூடத் தெரிந்திருக்காது!

இப்போதெல்லாம் மைக்கில், "எல்லாரும் வந்து ஆடுங்க" என்று கூப்பிடுகிறார்கள். வாலிபப் பிள்ளைகள் நாலு பேர் குதிப்பார்கள். நாமோ தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு இன்னும் இரண்டு வரிசை பின்னால் போய்விடுவோம். "ஐயோ, எனக்கு ஆடவே தெரியாதும்மா!"

தெரியாதா? பள்ளிக்கூடத்தில் கும்மியோ கோலாட்டமோ ஆடியவர்கள் நம்மில் எத்தனை பேர்! நலங்கிலும் முளைப்பாரியிலும் நம் பாட்டிமார் கொட்டிய கும்மிதானே? நமக்கு வராதது ஆட்டமல்ல. நாலு பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, நாம் எதிரே நின்று ஆடுவதுதான் கூச்சம். கும்மியில் அந்தத் தொல்லையே கிடையாது. வட்டத்துக்குள் வந்துவிட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு ஆடுகிறோம், அவ்வளவுதான்.

மதுரையில் என் அண்ணன் மகளின் வரவேற்பில் இதைத்தான் செய்தோம். எங்கள் பெரியம்மா கும்மிப் பாட்டில் கெட்டிக்காரர். ஆனால் பெரியப்பா தவறிய நாளிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவருக்குக் கடைசி வரிசைதான். "நல்ல காரியத்துல நான் எதுக்கு முன்னால வரணும்?" என்பார். யாரும் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை; முன்னால் வரச் சொன்னதும் இல்லை.

கல்யாணப்பெண் ஒரு மாதம் முன்பே அவர் வீட்டுக்குப் போனாள். "அப்பத்தா, நீங்க பாட்டு எடுத்துக் குடுத்தாத்தான் கும்மி. இல்லைன்னா வேண்டாம்."

"உன் மாமியார் வீட்டுல ஏதாச்சும் சொல்லுவாங்கடி."

அவள் அன்றைக்கே வருங்கால மாமியாருக்குப் போன் செய்து கேட்டாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "எங்கம்மாவும் இப்படித்தான் ஒதுங்கி உட்கார்ந்திருப்பாங்க. அவங்களையும் கூட்டிட்டு வர்றேன்" என்றாராம்.

வரவேற்பன்று பெரியம்மாவுக்கு முதல் அடியில் குரல் நடுங்கியது. மூன்றாவது அடிக்குள் அறுபது பேர் பின்பாட்டுப் பாடினார்கள்! இரண்டு வீட்டாரும் கலந்து நின்றதால், யார் சம்பந்தி, யார் விருந்தாளி என்றே தெரியவில்லை.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு உதவும் சில யோசனைகள் இதோ:

நேரம்: அலங்காரம் முடிந்து பெண் மேடைக்கு வர எப்படியும் அரை மணி தாமதமாகும். வந்தவர்கள் கொட்டாவி விடும் அந்த நேரம்தான் கும்மிக்குச் சரி. பந்திக்குப் பிறகு, வயிறு நிறைந்தபின் வேண்டவே வேண்டாம்.

முதல் பத்துப் பேர்: பெண் வீட்டில் ஐந்து, பிள்ளை வீட்டில் ஐந்து என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழகினால் போதும். இவர்கள் ஒரு சுற்று முடித்ததும், ஆளுக்கு ஒருவரை அழைத்து வரட்டும்.

அழைக்கும் விதம்: மைக்கில் பொதுவாகக் கூப்பிட்டால் யாரும் அசையமாட்டார்கள். பக்கத்தில் போய், "அத்தை, வாங்க", "மதினி, நீங்க என் பக்கத்துல நில்லுங்க" என்று கூப்பிடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். மூன்றாவது சுற்றில் தானே வருவார்!

இடம்: மேடையில் வேண்டாம், கீழேதான். நாற்காலிகளை ஒதுக்கி, கம்பளத்தைச் சுருட்டி விடுங்கள். அதன் ஓரம் காலை இடறும். தரையில் சிந்திய ஜூஸைத் துடைத்து விடுங்கள். கொசுவத்துக்கு ஊக்கு குத்திக்கொள்ளுங்கள்.

கோலாட்டம்: ஓரடி நீளக் கோல்கள் போதும். ஜோடி சேர வேண்டுமே, அதனால் ஆட்கள் இரட்டைப்படையில் இருக்கவேண்டும். கயிறு பிடித்து ஆடும் பின்னல் கோலாட்டத்துக்கு நல்ல பழக்கம் வேண்டும். விருந்தாளிகளுக்கு அது சரிப்படாது. ஆண்கள் கையில் ஆளுக்கொரு வண்ணத் துணியைக் கொடுங்கள், ஒயிலாட்டம் ஆடட்டும்.

சத்தம்: பாட்டு எடுப்பவருக்கு மட்டும் மைக் போதும். 85 டெசிபல் ஒலியைக் காது எட்டு மணி நேரம் வரை தாங்கும். 100 டெசிபல் ஆனால் கால் மணி நேரம்தான் என்பது தொழிற்கூடப் பாதுகாப்புக் கணக்கு. கைக்குழந்தையோடு ஸ்பீக்கர் அருகில் உட்காரவே கூடாது.

உடம்பு: மூட்டுவலிக்காரர்கள் குனிந்து நிமிர வேண்டாம்; வட்டத்தை ஒட்டி நாற்காலி போட்டு, உட்கார்ந்தபடியே கை தட்டலாம். டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதுவே. மற்றக் கர்ப்பிணிகள் குதிக்காமல் மெதுவாக நடந்து கொட்டலாம். மூச்சு வாங்கினால் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். குடிதண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

செல்போன்: ஆடும் ஆசை உள்ள பெண்கள்கூட, யாராவது படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுவார்களோ என்றுதான் பயப்படுகிறார்கள். "கும்மி முடியும்வரை செல்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்" என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் முதலிலேயே சொல்லிவிடட்டும்.

எல்லாம் இருபது நிமிஷ வேலை. செலவு, சில ஜோடிக் கோல்கள்தான். அடுத்த முகூர்த்தத்துக்குப் போகும்போது கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். நிறையப் பாட்டுத் தெரிந்த ஒருவர், யாராவது கூப்பிடுவார்களா என்று அங்கே உட்கார்ந்திருப்பார்.