சதுரங்க வல்லுநருக்கு மட்டும் பலகை ஒரே பார்வையில் பதிவது எப்படி?

பாதி ஆட்டத்தில் நிற்கும் சதுரங்கப் பலகையை ஐந்து விநாடி பாருங்கள். மூடியபின் எத்தனை காய்களைச் சரியாக வைப்பீர்கள்? புதியவர் என்றால் நான்கைந்து. வல்லுநரோ ஏறத்தாழ 16 காய்களை வைத்துவிடுவார்.

அவருக்கு அபார நினைவாற்றல் என்றுதானே தோன்றுகிறது? அமெரிக்க ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் இதைச் சோதித்தார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று பரப்பிவைத்துக் காட்டினார்கள். இப்போது வல்லுநரும் புதியவரைப் போலவே திணறினார்!

அப்படியானால் ரகசியம் எங்கே இருக்கிறது?

உதிரி மல்லிகையை ஒரு கையால் எடுத்துப் பாருங்கள். பிடிக்குள் அடங்குபவை கொஞ்சம்தான். அதையே சரமாகத் தொடுத்துவிட்டால்? ஒரு முனையைப் பிடித்தாலே போதும், முழுச் சரமும் கூடவே வரும்.

நம் மனமும் ஒரே நேரத்தில் சுமார் நான்கு விஷயங்களையே ஏந்தும். வல்லுநருக்கும் அதே அளவுதான். ஆனால் பல ஆண்டுப் பயிற்சி அவருக்குக் காய்களைச் சரம்சரமாகத் தொடுத்துக் கொடுத்திருக்கிறது. கோட்டை கட்டிய ராஜா, யானை, முன்னால் மூன்று சிப்பாய்கள்: நமக்கு ஐந்து காய்கள், அவருக்கு ஒரே உருவம்.

அந்த உருவத்தோடு, அடுத்து என்ன ஆடலாம் என்பதும் நினைவுக்கு வரும். மனதில் மிச்சமிருக்கும் இடத்தில் அவர் யோசிக்கிறார்.

வாய்ப்பாடு தெரிந்த குழந்தை கணக்கை எளிதாகப் போடுவதும் இதனால்தான். அறிவும் சிந்தனையும் எதிரிகள் அல்ல. தெரிந்தவை சேரச் சேரத்தான் தெரியாததை யோசிக்க மனதில் இடம் கிடைக்கிறது.