உடையும், ஆனாலும் ஓடும்

அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்திருப்பார்கள். கொதிக்கிற வெல்லப் பாகில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுவார்கள். கரைந்துபோனால் இன்னும் காய வேண்டும். விரலால் கூட்டும்போது திரண்டு மெத்தென்று உருண்டு வந்தால் பதம் வந்துவிட்டது, உடனே இறக்க வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் பாகு முறுகி, அதிரசம் கல்லாகிவிடும்.

பாடநூலில் உள்ள 'பாகுநிலை' என்ற சொல் இந்தப் பாகைத்தான் நினைவூட்டுகிறது. அறிவியல் தமிழில் இவ்வளவு பொருத்தமாக அமைந்த சொற்கள் குறைவு என்பேன்.

ஓடுகிற திரவத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தை ஒட்டிய ஏடு நகராது. அதை விட்டு விலகிப்போகப்போக வேகம் கூடும். வேகமாகப் போகிற ஏட்டைப் பக்கத்தில் உள்ள மெதுவான ஏடு பிடித்து இழுக்கும். இந்த உள் உராய்வுதான் பாகுநிலை. 1687-ல் வெளியான 'பிரின்சிபியா'விலேயே நியூட்டன் இதைப் பேசியிருக்கிறார்.

பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. கெட்டியாக இருந்தால் கனமாகவும் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். விளக்கெண்ணெயைப் பாருங்கள். தண்ணீரைவிட லேசானது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் 20 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை தண்ணீரைப் போல ஏறத்தாழ 1,000 மடங்கு. அதையே 40 டிகிரிக்குச் சூடாக்கினால் கிட்டத்தட்ட கால் பங்காகக் குறைந்துவிடும். அடுப்பில் தளதளவென்று கொதிக்கிற பாகு கிண்ணத்துத் தண்ணீரில் விழுந்ததும் திரள்வதற்கும் சூடு தணிவதே காரணம்.

இந்த இழுபறி எவ்வளவு தூரம் போகும் என்பதை ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரத்துக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் பார்க்கலாம். 1927-ல் அங்கே இயற்பியல் பேராசிரியர் தாமஸ் பார்னெல், தார் போன்ற கீலைச் சூடாக்கி, அடி அடைத்த கண்ணாடிப் புனலில் ஊற்றினார். ஆறிய கீல் சுத்தியால் அடித்தால் கண்ணாடி போலச் சில்லுச் சில்லாக உடையும். அப்படிப்பட்டதும் ஓடுகிற பொருள்தான் என்று மாணவர்களுக்குக் காட்ட விரும்பினார். மூன்று ஆண்டுகள் அது படிய விட்டு, 1930-ல் புனலின் அடியை வெட்டித் திறந்தார். முதல் துளி விழுந்தது 1938-ல். இரண்டாவது 1947-ல். அடுத்த ஆண்டே பார்னெல் காலமானார்.

பிறகு பல ஆண்டுகள் அந்தப் புனலைக் காத்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1979-ல் துளி விழுந்தபோது அவர் அங்கே இல்லை. 1988-ல் குடிப்பதற்கு ஏதாவது வாங்கிவரலாம் என்று சில நிமிடம் வெளியே போன நேரத்தில் விழுந்துவிட்டது. 2000-ல் கேமரா வைத்திருந்தார்கள், அது பழுதாகிப் பதிவு கிடைக்கவில்லை. 2013 ஆகஸ்டில் அவர் இறந்தார். ஒரு துளி விழுவதையும் அவர் கண்ணால் பார்க்கவில்லை. ஒன்பதாவது துளி 2014 ஏப்ரலில் கீழே வந்து சேர்ந்தது. இதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

அந்தக் கீலின் பாகுநிலை தண்ணீரைப் போல ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். திடப்பொருள் என்று நாம் கையில் எடுக்கிற அந்தக் கட்டி, நம் பொறுமைக்கு எட்டாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் திரவம்.

பிள்ளைகள் பாகுநிலையின் இலக்கணத்தை இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். இந்தத் தீபாவளிக்கு வீட்டில் பாகு காய்ச்சும்போது அவர்களை அடுப்பருகே கூப்பிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் திரண்ட அந்தச் சொட்டை அவர்கள் விரலிலேயே உருட்டிப் பார்க்கக் கொடுங்கள்.