‘90 சதவீத கோடிங்கை ஏஐ எழுதும்’: ஸ்ரீதர் வேம்பு சொன்னதன் அர்த்தம் என்ன? காங்கேயம் அரிசி மூட்டையை வைத்து ஒரு விளக்கம்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். காங்கேயம் பக்கம் அரிசி மில்லில் இருந்து தேங்காய் களம் வரைக்கும் பெற்றோர் மத்தியில் ஒரே பேச்சுதான். “பையனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸே வாங்கிடலாமுங்களா? இல்ல, ஏஐ வந்து வேலையெல்லாம் போயிருமுங்கிறாங்களே?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் பலர், வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பெயரில் போய் நிற்கிறார்கள். ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு. ‘90 சதவீத கோடிங்கை ஏஐ எழுதும் என்று அவரே சொல்லிட்டார்’ என்பதுதான் அந்த ஃபார்வர்டின் சாரம். ஆனால் அவர் சொன்னதில் பாதிதான் ஃபார்வர்டில் வருகிறது. மீதி பாதியில்தான் விஷயமே இருக்கிறது. அது என்ன?

யார் இந்த ஸ்ரீதர் வேம்பு?

தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1989-ல் சென்னை ஐஐடியில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்தார். பிறகு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், குவால்காம் நிறுவனத்தில் வேலை. 1996-ல் சகோதரர்கள், நண்பர்களோடு சேர்ந்து அட்வென்ட்நெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 2009-ல் அதன் பெயர் ஜோஹோ ஆனது.

2019-ல் அமெரிக்காவில் இருந்து திரும்பி தென்காசி அருகே மத்தளம்பாறையில் குடியேறினார். 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025 ஜனவரியில் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பை விட்டு, தலைமை விஞ்ஞானி பொறுப்புக்கு மாறினார். நிர்வாகத்தை விட்டுவிட்டு ஏஐ ஆராய்ச்சிப் பக்கம் போனவர் என்பதால், இந்த விஷயத்தில் அவர் பேச்சுக்கு மவுசு அதிகம்.

அவர் சொன்னது என்ன?

2025 மார்ச்சில் அமெரிக்காவின் ஆந்த்ரோபிக் ஏஐ நிறுவனத் தலைவர் டாரியோ அமோடே, இன்னும் 3 முதல் 6 மாதங்களில் 90 சதவீத கோடை ஏஐ எழுதும் நிலை வரலாம் என்றார். உலகம் முழுக்க இது விவாதமானது.

அப்போது எக்ஸ் தளத்தில் வேம்பு எழுதியது இதுதான்: அந்தக் கருத்தைத் தானும் ஏற்பதாகச் சொன்னார். அதற்கு அவர் கொடுத்த காரணம், புரோகிராமர்கள் எழுதுவதில் 90 சதவீதம் திரும்பத் திரும்ப எழுதப்படும் வழக்கமான கோட்தான் என்பது. இதை பாய்லர்பிளேட் என்பார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயரையும் தேதியையும் மட்டும் மாற்றி, மீதியை அப்படியே அச்சடிக்கிற மாதிரி.

அதோடு, சாஃப்ட்வேரில் இரண்டு வகைச் சிக்கல் உண்டு என்ற பழைய பாடத்தையும் அவர் நினைவூட்டினார். ஃபார்வர்டில் விட்டுப்போனது இந்தப் பகுதிதான்.

இரண்டு வகைச் சிக்கல் என்றால்?

இந்தப் பாடத்தைச் சொன்னவர் ஃப்ரெட் புரூக்ஸ். ஐபிஎம் நிறுவனத்தில் 1960-களில் மிகப்பெரிய சாஃப்ட்வேர் திட்டம் ஒன்றை நடத்தியவர். அந்த அனுபவத்தை வைத்து 1975-ல் அவர் எழுதிய ‘தி மிதிக்கல் மேன்-மந்த்’ இன்றும் புரோகிராமர்கள் படிக்கும் புத்தகம். 1986-ல் எழுதிய ஒரு கட்டுரையில் சிக்கல்களை அவர் இரண்டாகப் பிரித்தார்.

ஒன்று, கருவியால் வரும் சிக்கல். லாகின் பக்கம் போடுவது, தகவலைச் சேமிப்பது, பிரிண்டருக்கு அனுப்புவது போன்றவை. நல்ல கருவி வந்தால் இது குறைந்துவிடும்.

இன்னொன்று, தொழிலிலேயே இருக்கும் சிக்கல். கருவி எவ்வளவு வளர்ந்தாலும் இது போகாது. அந்தத் தொழிலைப் புரிந்துகொண்ட ஒருவர் உட்கார்ந்து யோசித்தே ஆக வேண்டும்.

சரி, இது நம்ம ஊர் கணக்கில் எப்படி இருக்கும்?

26 கிலோ மூட்டை சொல்லும் பாடம்

காங்கேயத்தில் அரிசி மில்லுக்குப் பஞ்சமில்லை. ஒரு மில்லுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் வேண்டும் என்று வெச்சுக்குங்க. பில் படிவம், வாடிக்கையாளர் பட்டியல், பிரிண்ட் எல்லாம் ஏஐ சில நிமிடங்களில் எழுதிக் கொடுத்துவிடும். அந்த 90 சதவீதம் இதுதான்.

இப்போ ஜிஎஸ்டிக்கு வருவோம். 2022 ஜூலை 18 முதல், முன்கூட்டியே பேக் செய்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி. ஆனால் 25 கிலோ வரையிலான பைக்கு மட்டும்தான். 25 கிலோவைத் தாண்டிய பைக்கு வரி இல்லை. இந்த விதி வந்த பிறகு, கடைகளில் 26 கிலோ அரிசி மூட்டை வரத் தொடங்கியதைப் பலரும் பார்த்திருப்பீங்க. ஒரு கிலோ கூடினால் வரி இல்லை என்பதே காரணம்.

இந்த விதியை கோடில் எழுதும்போது ‘25 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் வரி’ என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? சரியாக 25 கிலோ இருக்கும் மூட்டைக்கு வரி விழாது. ஆனால் சட்டப்படி அதற்கு வரி உண்டு.

ஒரு மூட்டை 1,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரி 70 ரூபாய். ஆயிரம் மூட்டைக்கு 70,000 ரூபாய் குறைவாக வசூலாகியிருக்கும். பிறகு கண்டுபிடித்தால் அந்த வரியை ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு கட்ட வேண்டியது மில்காரர்தான். சரக்கு விற்று முடிந்த பிறகு, வாங்கியவரிடம் போய் அந்த 70 ரூபாயைக் கேட்கவா முடியும்?

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சாஃப்ட்வேர் எந்த எரரும் காட்டாது. பில் அழகாக வரும். தப்பு கணக்கில் இருக்கிறது, கோடில் இல்லை.

இன்னும் இருக்கு. சில்லறை விற்பனைக்கான 10 கிலோ பை பத்தை ஒரே பெரிய கட்டாகக் கட்டி விற்றால், மொத்த எடை 100 கிலோ. அப்போ வரி இல்லையா? உண்டு. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பையின் எடைதான் கணக்கு. மறைமுக வரிகள் வாரியம் கேள்வி பதில் வடிவில் கொடுத்த விளக்கத்திலேயே இது இருக்கிறது.

நெல் அரவைக் கணக்கும் அப்படித்தான். அரசு கொள்முதல் நெல்லை அரைத்துக் கொடுக்கும் மில், 100 கிலோ நெல்லுக்கு பச்சரிசி என்றால் 67 கிலோ, புழுங்கல் என்றால் 68 கிலோ திருப்பித் தர வேண்டும் என்பது விதிமுறை. தவிடு, உமி, நொய்க்குத் தனிக் கணக்கு. தனியார் கூலி அரவைக்கு மில்லுக்கு மில் வேறு பேச்சு.

இதையெல்லாம் யாராவது மில்லில் நின்று பார்த்து, கேட்டு, சரியாகச் சொன்னால்தான் ஏஐ சரியாக எழுதும். மிச்சமிருக்கும் 10 சதவீதம் இதுதான்.

ஏஐ வந்ததால் வேலை வேகமாகிறதா?

பல இடங்களில் ஆமாம். கூகுளில் புதிதாக எழுதப்படும் கோடில் கால் பங்குக்கு மேல் ஏஐ உருவாக்குவதாக 2024 அக்டோபரிலேயே சுந்தர் பிச்சை சொன்னார். ஆனால் அதை இன்ஜினியர்கள் சரிபார்த்து ஒப்புக்கொண்ட பிறகுதான் பயன்படுத்துகிறோம் என்பதையும் சேர்த்தே சொன்னார்.

மறுபக்கமும் உண்டு. மெட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் ஒரு ஆய்வை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 புரோகிராமர்கள், தாங்கள் பல ஆண்டுகளாகப் பழகிய சாஃப்ட்வேர்களில் 246 வேலைகளைச் செய்தனர். ஏஐ பயன்படுத்தியதால் 20 சதவீதம் வேகமாக முடித்ததாக அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. சிறிய ஆய்வுதான், கருவிகளும் அதன்பிறகு மாறிவிட்டன. ஆனாலும் ‘வேகமாகப் போகிறோம்’ என்ற நினைப்பே ஏமாற்றலாம் என்பதை அது காட்டியது.

அதே மாதத்தில் ரெப்லிட் என்ற கோடிங் தளத்தின் ஏஐ, எதையும் மாற்றக்கூடாது என்று சொல்லியிருந்தும், அமெரிக்கத் தொழில்முனைவோர் ஒருவரின் நிஜமான தகவல் தொகுப்பையே அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் பொதுவெளியில் வருத்தம் தெரிவித்தார். எழுதுவது மலிவாகிவிட்டது. சரிபார்ப்பது மலிவாகவில்லை.

அப்போ வேலை போகாதா?

போகாது என்று வேம்பு சொல்லவில்லை. 2025 மே மாதம் அவர் சொன்ன இன்னொரு கருத்து, ஐடி ஊழியர்களைச் சுருக்கென்று குத்தியது. மெக்கானிக்கல், சிவில் இன்ஜினியர்கள், வேதியியல் படித்தவர்கள், பள்ளி ஆசிரியர்களைவிட நமக்கு அதிகச் சம்பளம் கிடைப்பது பிறப்புரிமை அல்ல, அது எப்போதும் நீடிக்கும் என்று நினைக்கக் கூடாது என்றார்.

அடுத்த இரண்டே மாதத்தில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. மொத்த ஊழியர்களில் 2 சதவீதம். பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலை ஊழியர்கள். ஏஐ காரணம் இல்லை, திறன் பொருந்தாததே காரணம் என்றார் அதன் தலைமைச் செயல் அதிகாரி கிருத்திவாசன். காரணம் எதுவாக இருந்தாலும், ‘ஐடி வேலை என்றால் அரசு வேலை மாதிரி’ என்ற நம்பிக்கை ஆட்டம் கண்டது உண்மை.

இந்தக் கிருத்திவாசன், கோவை சிஐடி கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவர். வேம்பு படித்தது எலக்ட்ரிக்கல். ‘பார்த்தீங்களா, கம்ப்யூட்டர் சயின்ஸே தேவையில்லை’ என்று இதை வைத்து முடிவு கட்டிவிட முடியாது. அவர்கள் படித்த காலத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்களே குறைவு. ஆனால் ஒரு துறையை ஆழமாகப் படித்தவர் சாஃப்ட்வேருக்குள் வர முடியும் என்பதற்கு இது சாட்சி.

அப்போ எந்த கோர்ஸ் எடுப்பது?

கம்ப்யூட்டர் சயின்ஸ் இடங்கள் இப்போது குறைவில்லை. நன்றாகச் செயல்படும் கல்லூரிகளுக்கு, ஒரு பிரிவில் இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டில் ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. இடம் கிடைப்பது சுலபமானால், அதே பட்டத்தோடு வெளியே வருபவர்களும் அதிகம். பட்டத்துக்கு மட்டும் இருந்த மதிப்பு குறையும்.

எனவே சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்பு சில விஷயங்களைப் பார்ப்பது நல்லது.

* கல்லூரி சொல்லும் அதிகபட்ச சம்பளத்தைப் பார்க்காதீங்க. எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன சம்பளம் என்று கேளுங்க.

* மாணவர்கள் புராஜெக்ட்டை உண்மையான ஒரு மில், பட்டறை, பனியன் கம்பெனிக்குச் செய்கிறார்களா, காசு கொடுத்து வாங்குகிறார்களா என்று சீனியர்களிடம் விசாரிங்க.

* மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் எடுத்தால் கோடிங் கற்க முடியாது என்பது தவறு. பம்பு, மோட்டார், ஜவுளி இயந்திரம் நிறைந்த கோவை மண்டலத்தில் இயந்திரமும் கோடும் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

* பிள்ளைக்கு ஆர்வம் இருக்கா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். கடை பில் கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஏஐ உதவியோடு புரோகிராம் எழுதச் சொல்லுங்க. அதில் தப்பு எங்கே இருக்கிறது என்று தேட உட்கார்ந்தால், அந்தப் பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவரும்.

கல்லூரி தவிர வேறு வழியும் உண்டு. ஜோஹோ 20 ஆண்டுகளாக நடத்தும் பயிற்சிப் பள்ளியில், பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு செய்து கட்டணம் இல்லாமல், உதவித்தொகையோடு சொல்லிக்கொடுக்கிறார்கள். சென்னை, பெங்களூரு போனால்தான் நல்ல சாஃப்ட்வேர் வேலை என்பதும் மாறி வருகிறது. கோவையைச் சேர்ந்த கோவை.கோ நிறுவனம், 2025 தொடக்கத்தில் 140-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு 14 கோடி ரூபாய் போனஸ் அறிவித்து செய்தியானது.

வேம்பு சொல்வதை எல்லாம் அப்படியே எடுத்துக்கலாமா?

அவர் எக்ஸ் தளத்தில் பேசாத விஷயமே இல்லை. கிராமப் பொருளாதாரம், உள்நாட்டுச் செயலிகள், நாட்டு நடப்பு என்று தினமும் கருத்து வரும். இளம் தொழில்முனைவோர் 20-களிலேயே கல்யாணம் செய்து குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று 2025 நவம்பரில் அவர் சொன்னது பெரிய வாக்குவாதமே ஆனது.

அவர் கருத்துகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். சாஃப்ட்வேர் எப்படி உருவாகிறது என்பது அவர் 30 ஆண்டுகளாகச் செய்து பார்த்தது. அதற்கு எடை அதிகம். எத்தனை வேலை போகும், எப்போது போகும் என்பது கணிப்பு. அது மாறலாம். மற்றவை தனிப்பட்ட கருத்து.

சம்பளம் பற்றி அவர் பேசும்போது, அவர் சம்பளம் கொடுக்கும் இடத்தில் இருப்பவர் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வாங்கும் இடத்தில் இருப்பவரின் கணக்கு வேறாக இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால்?

90 சதவீத கோடை ஏஐ எழுதலாம். ஆனால் 25 கிலோ மூட்டைக்கு வரி உண்டா, இல்லையா என்பதைத் தெரிந்து சொல்பவருக்குத்தான் மிச்சமிருக்கும் வேலை. டைப் அடிக்க மட்டும் தெரிந்த புரோகிராமருக்கு இது கஷ்டகாலம். ஒரு தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்து, அதைக் கணினிக்குச் சொல்லத் தெரிந்தவருக்கு அப்படி இல்லை. மில்லிலும் களத்திலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அதில் பாதிப் பாடம் ஏற்கெனவே வீட்டிலேயே கிடைத்திருக்கிறது.